கடல் கடந்த ஆர்டர்: தபால் தாமதமானால் நஷ்டம் யாருக்கு?

வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டாலே நியூஜெர்சியில் இருந்தும் டொரண்டோவில் இருந்தும் ‘எனக்கு இரண்டு கிலோ’ என்று செய்தி வருகிற காலம் இது. உடன்குடிக் கருப்பட்டி, ஈரோட்டு மஞ்சள் தூள், ராமநாதபுரம் முண்டு மிளகாய், கோவில்பட்டி கடலை மிட்டாய், முருங்கை இலைப் பொடி, நாட்டுக் காய்கறி விதை என்று கேட்கிறார்கள். பணமும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. பார்சலைக் கட்டி, அஞ்சலகத்தில் கொடுத்து, ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தவுடன் விற்பனை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

முடியவில்லை. பொருள் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை, சேர்ந்த பிறகும் சில வாரங்கள்வரை, அந்தப் பணம் உங்களிடம் இருக்கிறதே தவிர உங்களுடையதாகிவிடவில்லை. தபால் ஒழுங்காக ஓடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தபால் நின்றுபோகும்போது அது பளிச்சென்று தெரியும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஏழு வாரம் நின்ற தபால்

அமெரிக்காவுக்குள் 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல்கள் சுங்க வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. 2016 முதல் இருந்துவந்த உச்சவரம்பு அது. நம் ஊர்ச் சிறு வியாபாரிகள் பலரும் அந்தச் சலுகையை நம்பித்தான் விலை வைத்திருந்தார்கள். 2025 ஜூலை 30 அன்று அந்நாட்டு அதிபர் பிறப்பித்த ஆணை, ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அந்தச் சலுகையை நீக்கியது.

வரி போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும், அதற்காகத் தபால் ஏன் நிற்க வேண்டும்? வரியை யார் வசூலிப்பது, எந்த வழியில் கட்டுவது என்ற நடைமுறை தெளிவாகவில்லை. அது தெளிவாகாமல் அமெரிக்கத் தபாலை ஏற்ற முடியாது என்று விமான நிறுவனங்கள் கைவிரித்தன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களுக்கான முன்பதிவை நிறுத்தியது. முதலில் கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான அன்பளிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. சில நாட்களில் அதுவும் நின்றது. நாம் மட்டும் அல்ல. 88 அஞ்சல் அமைப்புகள் அமெரிக்கச் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியதாக உலக அஞ்சல் ஒன்றியம் செப்டம்பரில் அறிவித்தது. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குச் சென்ற தபால், ஒரு வாரத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டால் 81 சதவீதம் சரிந்திருந்தது.

இந்தியாவில் இருந்து சேவை மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15 அன்று. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. பலகாரம், கருப்பட்டி, சத்துமாவு என்று தீபாவளிக்காக ஆர்டர் எடுத்தவர்களுக்கு எஞ்சியது ஐந்தே நாள். அதோடு விதியும் மாறியிருந்தது. பார்சலில் குறிப்பிட்ட மதிப்பில் 50 சதவீதத்தை அஞ்சலகத்திலேயே முன்கூட்டிக் கட்டினால்தான் அப்போது பார்சல் கிளம்பியது. ஜூலையில் பழைய விலைக்கு ஆர்டர் எடுத்து, அக்டோபரில் அதை அனுப்ப நினைத்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்க வரி விகிதம் அடிக்கடி மாறுவதால், இந்த 50 சதவீதத்தை மனதில் வைத்து விலை போடாதீர்கள். அனுப்புகிற அன்றைய விகிதம் என்ன என்று அஞ்சலகத்தில் கேட்டுவிட்டே விலை சொல்லுங்கள்.

இது ஒருமுறை நடந்து முடிந்த கதை அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது வெளிநாட்டுத் தபாலும் நின்றது. 2024 நவம்பர் 15 அன்று கனடாவில் அஞ்சல் ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதம் நீடித்தது; கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் போக வேண்டிய பார்சல்கள் மாட்டிக்கொண்டன. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. அறுவடை முடிந்து, பண்டிகை நெருங்கி, ஆர்டர் குவிகிற நேரத்தில் இது வந்தால் அடி பலமாக விழும்.

ஒரு பார்சலின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். வாங்குபவர் உங்களுக்கு 4,500 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் அடக்க விலை 1,100, பொதி கட்ட 150, தபால் கட்டணம் 2,300, பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கும் விற்பனைத் தளத்துக்கும் 350. மொத்தச் செலவு 3,900 ரூபாய், கையில் நிற்பது 600 ரூபாய். மாதம் பத்துப் பார்சல் போனால் 6,000 ரூபாய். வரப்பைத் தாண்டி வந்த வருமானம் என்று பார்த்தால் மோசமில்லை.

இப்போது ஒரு பார்சல் தாமதமாகி, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். 4,500 ரூபாயையும் கொடுக்க வேண்டும். தபால் கட்டணம் போனது போனதுதான். தளத்துக்கான கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. ஆக, உங்கள் நஷ்டம் 3,900 ரூபாய். அதை ஈடுகட்ட இன்னும் ஏழு பார்சல் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும். பத்தில் ஒன்று தவறினால் அந்த மாதம் உங்களுக்கு மிஞ்சுவது 1,500 ரூபாய். பத்தில் இரண்டு தவறினால் 3,000 ரூபாய் கைக்காசு போகும்.

உள்ளூர் சந்தையில் ஒரு மூட்டை விலை போகவில்லை என்றால் பொருளாவது வீட்டில் இருக்கும். இதில் பொருளும் போய், அதை அனுப்பிய செலவும் போகிறது. உங்கள் சொந்த எண்களை வைத்து ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எத்தனை பார்சல் தவறினால் தாங்குவீர்கள் என்பது தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் வழியில் இருக்கும் பார்சல்கள் அந்த எண்ணிக்கையை ஒட்டியே இருக்கட்டும். அதற்கு மேல் ஆர்டர் வந்தால் முன்னால் போனவை சேரட்டும் என்று காத்திருங்கள்.

எது தாங்கும், எது தாங்காது

சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் இருக்கும் ஒரு நண்பருக்குக் கருப்பட்டி அனுப்பினேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பனையோலைக் கொட்டானில் வைத்து, மேலே ஒரு அட்டைப் பெட்டி போட்டுக் கட்டினேன். பத்து நாளில் போக வேண்டியது ஏழு வாரம் கழித்துப் போனது. பெட்டியின் அடிப்பக்கம் ஊறி, கொட்டானும் கருப்பட்டியும் ஒட்டிப்போய், ‘பாகு வந்து சேர்ந்தது’ என்று படம் அனுப்பினார். தபாலைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்தும், பத்து நாள் கணக்கில் கட்டியது என் தப்பு.

வெளிநாட்டுத் தபாலில் பொருளைக் கட்டும்போது அது எத்தனை நாளில் சேரும் என்று பார்க்காதீர்கள். எத்தனை நாள் சேராமல் கிடக்கலாம் என்று பாருங்கள். விமான நிலையக் கிடங்கின் வெக்கையிலும், ஏதோ ஒரு நாட்டின் சுங்கக் கூடத்திலும் இரண்டு மாதம் கிடந்தாலும் சாப்பிடத் தகுந்ததாக இருக்குமா? என் அளவுகோல், ஆறு மாதம் கெடாமல் இருக்காத பொருளை வெளிநாட்டுத் தபாலில் அனுப்பவே கூடாது. கொஞ்சம் கறாராகத் தெரியலாம். ஆனால் 2025இல் ஏழு வாரம் மாட்டிய பார்சலுக்கு அதற்குக் குறைந்த அளவுகோல் உதவியிருக்காது.

இந்த அளவுகோலில் மஞ்சள் தூளும், நன்கு காய்ந்த வற்றல் மிளகாயும் எளிதாகத் தேறும். மிளகாயின் நிறம் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். கருப்பட்டியும் தேறும், ஆனால் நன்றாகக் காயவைத்து, உணவுக்கு ஏற்ற உறையில் காற்றை உறிஞ்சி ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு உறை போட வேண்டும். முருங்கை இலைப் பொடிக்கு வெளிச்சமும் ஈரமும் எதிரி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் பச்சை நிறம் தெரிய வைத்தால் படத்துக்கு அழகு. பயணத்துக்கு உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய உறைதான் சரி. வெளியே ஒரு வண்ணப் படம் ஒட்டிக்கொள்ளலாம்.

கம்பு மாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பு தானியமாக இருக்கும்வரை கெடாது. அரைத்த பிறகு அதில் உள்ள கொழுப்பு சீக்கிரமே கெட்டு, கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். உறையின் மேல் ‘ஆறு மாதம்’ என்று அச்சடித்துவிட்டதால் மாவு ஆறு மாதம் தாங்கிவிடாது. நிலக்கடலை, முந்திரி சேர்த்த சத்துமாவுக்கும் கடலை மிட்டாய்க்கும் இதே சிக்கல் உண்டு. கடலை மிட்டாய் நமுத்தும் போகும். இவற்றைத் தபால் சீராக ஓடும் காலத்தில், புதிதாகச் செய்த அன்றே அனுப்பலாம். தாமதம் என்ற செய்தி வந்தவுடன் விற்பனைப் பட்டியலில் இருந்து முதலில் எடுக்க வேண்டியவை இவைதான்.

செக்கு எண்ணெயும் தேனும் வேண்டவே வேண்டாம். ஒரு பாட்டில் கசிந்தால் அதோடு கிடக்கிற மற்றவர் பார்சல்களும் பாழாகும். தேனீ நோய் பயத்தால் தேனுக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. நெய்யைத் தபாலில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ பிரிட்டனுக்கோ அனுப்ப முடியாது. பால் பொருள் எதுவானாலும் இதே கதிதான். கசகசா சேர்த்த மசாலாப் பொடியை வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பி வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பொருளானாலும், அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். அனுப்பப் போகிற அதே உறையில், அதே பெட்டியில் ஒரு பார்சலைக் கட்டி, தகரக் கூரைக்குக் கீழே பரணில் அறுபது நாள் போட்டு வையுங்கள். பிறகு பிரித்து நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். ஆய்வகத்துக்கு மாற்று என்று சொல்லவில்லை. ஆனால் செலவில்லாமல் கிடைக்கிற விடை இது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பொட்டலத்தை வீட்டில் எடுத்து வைப்பதும் நல்லது. ‘கெட்டுப்போய் வந்தது’ என்று யாராவது எழுதினால், அதே தொகுதியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

விதைக்குப் பருவம் காத்திருக்காது

நாட்டு விதை அனுப்புபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலும் கனடாவிலும் கத்தரி, வெண்டை, அவரைக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் பருவம். ஜூலையில் போய்ச் சேரும் விதை, முளைப்புத் திறன் கெடாமலே இருந்தாலும், அந்த ஆண்டுக்குப் பயன்படாது. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ். செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே ஆர்டரை மூடிவிட வேண்டும்.

விதையைத் துணிப் பையில் போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நிழலில் நன்கு உலர்த்தி, ஈரம் புகாத உறையில் ஒட்டினால்தான் வெக்கையையும் ஈரத்தையும் தாங்கும். வெங்காய விதைக்கு இயல்பிலேயே ஆயுள் குறைவு. அதைத் தாமத காலத்தில் அனுப்பாதீர்கள். அனுப்புகிற வாரத்தில் நூறு விதையை ஈரத்துணியில் முளைக்கட்டி, எத்தனை முளைத்தது என்று எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘முளைக்கவே இல்லை’ என்று தகராறு வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

விதைக்குப் பயிர்ச் சுகாதாரச் சான்று பெரும்பாலான நாடுகளில் கட்டாயம். மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்புத் துறைதான் அதைக் கொடுக்கும். சென்னையில் மீனம்பாக்கத்தில் அதற்கு மண்டல நிலையம் இருக்கிறது. ‘ஐந்து பாக்கெட் விதைக்கெல்லாம் சான்றா?’ என்று தோன்றும். 2020இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில், கேட்காத விதைப் பொட்டலங்கள் சீனாவில் இருந்து தபாலில் வந்து பெரிய பரபரப்பு ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டு விதைகள் அமெரிக்காவுக்குள் வருவதை அமேசான் தன் தளத்தில் தடை செய்தது. பார்சல் குவிந்து கிடக்கிற காலத்தில் அதிகாரிகள் சோதனையைத் தளர்த்துவார்கள் என்று நினைக்க வேண்டாம். சான்று இல்லாத விதையை அழித்துவிடுவார்கள். உங்களுக்குத் திரும்பி வராது.

வாங்கியவர் எவ்வளவு நாள் பொறுப்பார்?

வெளிநாட்டில் இருக்கும் நம் மக்கள் பொறுமையானவர்கள். ‘அண்ணா, மெதுவா வரட்டும்’ என்பார்கள். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. பொறுமையாக இருப்பவருக்கும் ஒரு எல்லை உண்டு. பேபால் வழியாகப் பணம் கட்டியவர், கட்டிய நாளில் இருந்து 180 நாளுக்குள் ‘பொருள் வரவில்லை’ என்று புகார் எழுப்பலாம். கடன் அட்டையில் கட்டியவர் தன் வங்கியிடமே பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். அந்தப் பணம் உங்கள் கணக்கில் இருந்து எடுக்கப்படும். நீங்கள் அதற்குள் அதைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குச் செலவழித்திருந்தாலும் எடுக்கப்படும்.

புகார் வந்தால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பொருள் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் எங்கே? ‘அனுப்பிவிட்டேன்’ என்ற ரசீது அதற்குப் போதாது. ஆகவே கட்டணம் குறைவு என்று பதிவு இல்லாத சாதாரண வகையில் அனுப்பாதீர்கள். 13 இலக்கத் தட எண் உள்ள வகையிலேயே அனுப்புங்கள். முதல் எழுத்து ‘இ’ என்றால் ஸ்பீட் போஸ்ட், ‘சி’ என்றால் பார்சல், ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால். இந்தியாவில் இருந்து போனால் கடைசி இரண்டு எழுத்து ‘ஐஎன்’ என்று இருக்கும். நாட்டைத் தாண்டிய பிறகு நம் அஞ்சல் துறையின் தளத்தில் தகவல் நின்றுபோனால், அதே எண்ணைப் போய்ச் சேரும் நாட்டின் அஞ்சல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பல நேரம் ‘காணவில்லை’ என்று நினைத்தது அங்கே சுங்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். முதல் பார்சல் எங்கே என்று தெரியாமல், வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்று இரண்டாவது பார்சலை அனுப்புவது. தாமதம் முதலாவதைப் பிடித்தது போலவே இரண்டாவதையும் பிடிக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘பிறகு பார்சல் வந்தால் தெரியப்படுத்துங்கள்’ என்று எழுதுவது இதைவிட மலிவு. பார்சல் வந்ததும் பணத்தை மீண்டும் அனுப்பிவைப்பவர்கள் உண்டு.

அஞ்சலகக் கவுன்ட்டரில்

பார்சலோடு நிரப்பும் சுங்கப் படிவத்தில், பொருளைச் சேர்ப்பிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கட்டம் இருக்கும். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பு அல்லது கைவிடப்பட்டதாகக் கொள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார் என்று இதை யோசிக்காமல் டிக் அடித்துவிடுகிறோம். பார்சல் திரும்பினால், அதற்கான கட்டணம் உங்கள் தலையில் விழலாம். 1,100 ரூபாய் மாவு நான்கு மாதம் ஊர் சுற்றிவிட்டு, அதைவிட அதிகக் கட்டணத்தோடு திரும்பி வருவதில் என்ன லாபம்? உணவுப் பொருளுக்குக் ‘கைவிடு’ என்பதே மேல். பனை நார்ப் பெட்டி, மரச் செக்கு மாதிரி போன்ற கெடாத, விலை கூடிய பொருளுக்குத் ‘திருப்பி அனுப்பு’ சரி. வாங்கியவர் வரி கட்ட மறுத்துப் பார்சலை வாங்காமல் விடுவது இப்போது அதிகம் நடப்பதால், இந்தக் கட்டத்துக்கு மதிப்புக் கூடிவிட்டது.

பொருளின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். ‘ஆர்கானிக் பொடி’ என்று எழுதிய பார்சலைச் சுங்கத்தில் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ‘முருங்கை இலைப் பொடி, உணவுப் பொருள், 500 கிராம்’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறு இலக்கச் சரக்குக் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். மஞ்சளுக்கு 091030, உடைக்காத வற்றல் மிளகாய்க்கு 090421. உங்கள் பொருளின் குறியீடு தெரியாவிட்டால், ஏற்றுமதி செய்கிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் விற்பதாக இருந்தால், அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் உங்கள் தயாரிப்பிடத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். தபாலில் போடும் முன்பே அவர்களுக்கு இணையத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, அதன் எண்ணைப் பார்சலோடு அனுப்ப வேண்டும். இவை இல்லாமலே இத்தனை நாள் போய்க்கொண்டிருந்ததே என்று சிலர் கேட்பார்கள். போனது உண்மைதான். நெரிசல் காலத்தில் நிறுத்தி வைக்கப்படும் பார்சல்களில் முதலில் சிக்குவதும் அவைதான்.

விற்ற பொருளை ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனை ஊரெங்கும் உலவுகிறது. வாங்குபவரே கூடக் கேட்பார். கேட்காதீர்கள். பிடிபட்டால் பார்சல் போகும். பிடிபடாமல் தொலைந்தாலும், விற்றதற்கான காகிதம் உங்களிடம் இருக்காது; எந்தக் கவுன்ட்டரில் போய் நியாயம் கேட்பீர்கள்? முறையாகப் போக வேண்டும் என்றால் ஏற்றுமதி-இறக்குமதி எண் ஒன்று வாங்கினால் போதும். அரசுக் கட்டணம் 500 ரூபாய். அஞ்சல் துறை நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சல் ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை இணையத்திலேயே நிரப்பலாம். அந்தப் பட்டியலின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் திரும்பி வந்தால், அது இங்கிருந்து போன பொருள்தான் என்று சுங்கத்தில் காட்டவும், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை வங்கியிலும் ஜிஎஸ்டி கணக்கிலும் காட்டவும் அது வேண்டும்.

நஷ்ட ஈடு கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பதிவுத் தபாலோ பார்சலோ தொலைந்தாலோ சேதமானாலோ, விதிக்கு உட்பட்ட ஒரு தொகை கிடைக்கலாம். தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கும், போன லாபத்துக்கும், தன் இயல்பாலேயே கெட்டுப்போன பொருளுக்கும் உலக அஞ்சல் விதிகளின்படி ஈடு கிடையாது. தொலைந்த பார்சலுக்கான விசாரணை மனுவை, அனுப்பிய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதம்தானே, வந்துவிடும் என்று காத்திருந்தே அந்த ஆறு மாதத்தைத் தவற விடுகிறார்கள். ஆறு வாரம் தகவல் இல்லை என்றால் மனுவைக் கொடுத்துவிடுங்கள். பின்னால் பார்சல் கிடைத்தால் நல்லதுதானே. 2025 ஆகஸ்ட்டில், முன்பதிவு செய்தும் அனுப்ப முடியாமல் போன பார்சல்களுக்குத் தபால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அஞ்சல் துறை அறிவித்தது. ரசீது இருந்தவர்களால்தான் அதைக் கேட்க முடிந்தது.

தபால் நின்றது என்ற செய்தி வந்தால்

அன்றைக்கே அந்த நாட்டுக்கான விற்பனையை நிறுத்துங்கள். ‘ஆர்டர் எடுத்து வைப்போம், திறந்ததும் அனுப்பலாம்’ என்பது ஆசை. திறக்கும்போது வரி, கட்டணம் எல்லாம் மாறியிருக்கும். வழியில் இருக்கும் பார்சல்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், தட எண், அனுப்பிய தேதி, தொகை. அந்தத் தொகையைக் கூட்டி, அந்த அளவு பணத்தைக் கணக்கில் இருந்து எடுக்காமல் வையுங்கள்.

அடுத்து, வாங்கியவர் கேட்கும் முன்பே நீங்கள் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். ‘உங்கள் பார்சல் இந்தத் தேதியில் கிளம்பியது, தட எண் இது. உங்கள் நாட்டுக்கான தபால் நிறுத்தப்பட்டிருக்கிறது. காத்திருக்க விருப்பமா, பணம் திரும்ப வேண்டுமா? இந்தத் தேதிக்குள் சேராவிட்டால் முழுப் பணத்தையும் நானே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்’ என்று எழுதினால் போதும். தேதியைச் சொல்வது முக்கியம். தேதி சொன்னவரிடம் பெரும்பாலானோர் பொறுத்திருப்பார்கள். பதில் வராதவர் மீதுதான் புகார் போகும். இன்னும் அஞ்சலகத்தில் கொடுக்காத ஆர்டருக்கு யோசிக்கவே வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொருளை உள்ளூரில் விற்றுவிடுங்கள்.

தனியார் கூரியரில் அனுப்பலாமே என்றால், அனுப்பலாம். ஆனால் இரண்டு கிலோ கருப்பட்டிக்கு அவர்கள் கேட்கும் கட்டணம் பொருளின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். தபால் அடைபட்ட வாரங்களில் அவர்களிடமும் கூட்டம் சேரும். சிறு சிறு பார்சலாக நூறு பேருக்கு அனுப்புவதைவிட, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாக மொத்தமாகச் சரக்கு விமானத்திலோ கப்பலிலோ அங்குள்ள ஒரு கடைக்கு அனுப்புவது நீண்ட காலத்துக்கு நல்ல வழி என்பது என் எண்ணம். லாபம் பார்சலுக்கு 600 ரூபாயாக இருக்காது, குறையும். ஆனால் நூறு வீட்டு வாசலில் நூறு பணத் தகராறு நிற்காது.

களப்பணியாளர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மதிப்புக்கூட்டல் பயிற்சிகளில் படம் எடுப்பது எப்படி, லேபிள் அடிப்பது எப்படி, இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்குவது எப்படி என்று நன்றாகச் சொல்லித்தருகிறீர்கள். அதோடு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு சுங்கப் படிவத்தையும் ஒரு அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலையும் அங்கேயே நிரப்ப வையுங்கள். பக்கத்து அஞ்சல் ஏற்றுமதி மையத்தின் அலுவலரை அழைத்தால் அவரே வந்து சொல்லித்தருவார். எந்த நாட்டுக்குத் தபால் நின்றிருக்கிறது என்ற அறிவிப்பு வந்தால், அதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றே போட்டுவிடுங்கள். கிராமத்தில் இருந்து பார்சலைச் சுமந்துகொண்டு நகரத்துக்குப் போய், கவுன்ட்டரில் தெரிந்துகொண்டு திரும்புகிறவர்களுக்குப் பேருந்துக் காசாவது மிஞ்சும்.

பொங்கல் ஆர்டர்கள் நவம்பர் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். முதல் ஆர்டருக்குப் பதில் எழுதும் முன் அஞ்சலகத்துக்கு ஒரு போன் போட்டு, அந்த நாட்டுக்குப் பார்சல் இன்று போகிறதா, எத்தனை நாளாகிறது, வரியை யார் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு, பிறகு விலையைச் சொல்லுங்கள்.